ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை எங்கே? – செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணன் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஆச்சிமார்களே, மன்றத்து உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த முகப்பை நமக்குத் திறந்துவிட்ட ஆச்சி இந்த ஆண்டு மாசியில் காலமானார். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக நாம் நடத்தும் இந்த மன்றம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு ரூபாய் வாடகை வாங்கியதில்லை. கூட்டம் முடிந்து காபி டம்ளர்களை எடுக்க வரும்போது அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “போன தடவை சொன்னியே தம்பி, அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணுது?” பல தடவை எனக்குப் பதில் தெரிந்திருக்கவில்லை. “விசாரிச்சுச் சொல்றேன் ஆச்சி” என்று சமாளித்திருக்கிறேன். இந்த ஆண்டு நாம் செய்த வேலையில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான். ஆச்சிக்கு மன்றத்தின் அஞ்சலி.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டம் ஐப்பசி தவிர எல்லா மாதமும் நடந்தது. ஐப்பசியில் மழை. பள்ளிகளில் குழந்தைகள் உதவி எண் 1098 பற்றிப் பேசினோம். 2023-லிருந்து அந்த உதவி எண்ணை அரசே ஏற்று, 112 அவசர எண்ணோடு இணைத்து நடத்துகிறது என்பதைப் பல ஆசிரியர்களுக்கே புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிட்டோம். குன்றக்குடியில் பங்குனி உத்திரத்துக்கும் அதையே செய்தோம்.

இனி முக்கியமான விஷயம்.

சென்ற ஆண்டறிக்கையில் “தடுத்து நிறுத்தப்பட்ட குழந்தைத் திருமணம்: ஒன்று” என்று நான் வாசித்தேன். எல்லோரும் கை தட்டினீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளை அது. தகவல் வந்த அன்றே சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னோம், அதிகாரிகள் வந்தார்கள், 2006-ம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை எடுத்துச் சொன்னார்கள், பெற்றோர் எழுதிக் கொடுத்தார்கள். நம் பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே “முடிந்தது” என்று சிவப்பு மையில் எழுதியது நான்தான்.

கார்த்திகையில் நானும் இரண்டு பெண் உறுப்பினர்களும் அந்த வீட்டுக்குப் போனோம். பிள்ளை அங்கே இல்லை. பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் நின்ற அவமானத்தில் பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டிருந்தார்கள். அவளுடைய புத்தகங்கள் மஞ்சப்பையில் கட்டிப் பரணில் கிடந்தன. அம்மா அதை இறக்கி எங்கள் முன்னால் வைத்தார். கணக்கு நோட்டில் பாதி வரைக்கும் எழுதியிருந்தது. கடைசியாகப் போட்ட கணக்குக்கு ஆசிரியர் போட்ட டிக் இருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளைத் தாள்.

பெரியம்மா வீட்டில் அவள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து இட்லிக் கடைக்கு மாவு அள்ளிக்கொண்டிருந்தாள். அடியோ உதையோ இல்லை, சாப்பாட்டுக்குக் குறையும் இல்லை. ஆனால் நாம் “முடிந்தது” என்று எழுதிய நாளில்தான் அவளுக்குப் படிப்பு முடிந்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு இந்த ஆண்டறிக்கையை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது அவள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் படிக்கிறாள். நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் வாரம் இரண்டு நாள் போய்ச் சொல்லிக் கொடுக்கிறார். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் பதிவேட்டை மாற்றினோம். பழைய நோட்டில் தேதி, தகவல் தந்தவர், யாரிடம் சொன்னோம், முடிவு என்று நாலு கட்டம். அந்த நாலுமே நாம் என்ன செய்தோம் என்பதைத்தான் சொல்லின. பிள்ளைக்கு என்ன ஆனது என்பதற்கு அதில் இடமே இல்லை. இப்போது மூன்று கட்டம் கூட்டியிருக்கிறோம். தகவல் சொன்னதிலிருந்து ஓர் ஆள் பிள்ளையை நேரில் பார்க்க எத்தனை மணி நேரம் ஆனது என்பது ஒன்று. ஆறு மாதம் கழித்துப் பிள்ளை எங்கே இருக்கிறது, படிக்கிறதா என்பது இன்னொன்று. அதே தொந்தரவு மறுபடி வந்ததா என்பது மூன்றாவது. பிள்ளையின் பெயர் நோட்டில் கிடையாது, எண் மட்டும்தான். அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது. டீக்கடையிலும் அதை மறக்க வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த யோசனை நம்முடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் உற்பத்தித்திறன் ஆணையம் என்ற அரசு அமைப்பு அரசுச் சேவைகளைப் பற்றி வருடா வருடம் அறிக்கை வெளியிடுகிறது. குழந்தைப் பாதுகாப்புக்கும் இளையோர் நீதிக்கும் அதில் தனித்தனி அத்தியாயம் உண்டு. துன்புறுத்தல் உண்மை என்று உறுதியான ஒரு பிள்ளைக்கு 12 மாதத்துக்குள் மறுபடி அப்படி நடந்ததா, தண்டனைக் கண்காணிப்பு முடிந்து போன இளைஞன் 12 மாதத்துக்குள் திரும்ப வந்தானா என்றெல்லாம் எண்ணுகிறார்கள். பழங்குடிப் பிள்ளைகளின் கணக்கைத் தனியே காட்டுகிறார்கள். மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட மிக அதிகமாக அந்தக் கணக்கில் அவர்கள் இருப்பது அதனால் ஒளியாமல் தெரிகிறது. எண்ணிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்களும் சொல்லவில்லை.

நம் இளைஞர் நீதிச் சட்டத்திலேயே அளப்பதற்கு எத்தனையோ அளவுகோல் இருக்கின்றன. பிடிபட்ட சிறுவனை 24 மணி நேரத்துக்குள் சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். போலீஸ் லாக்கப்பில் வைக்கக் கூடாது. விசாரணை நாலு மாதத்தில் முடிய வேண்டும், தேவைப்பட்டால் மேலும் இரண்டு மாதம். மூன்று ஆண்டு வரை தண்டனைக்குரிய சிறு குற்றமாக இருந்து, அந்தக் கெடுவுக்குள்ளும் விசாரணை முடியாவிட்டால் நடவடிக்கையே முடிந்துபோகும். நிலுவையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமை நீதித்துறை நடுவர் பார்வையிட வேண்டும். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைக்குக் குழந்தைகள் நலக்குழுவும் நாலு மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும். 2018-ல் சம்பூர்ணா பெஹுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் குழுமங்களிலும் குழுக்களிலும் உள்ள காலியிடங்களை நிரப்பவும் சமூகத் தணிக்கை நடத்தவும் உத்தரவிட்டது. இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச்சட்டம் போட்டது 1920-ல் நம் மதராஸ் மாகாணம்தான். நூறு வருடத்துக்கு மேல் பழக்கம் நமக்கு. சட்டம் சொன்ன நாள் கணக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் நடந்ததா என்று பக்கத்திலிருந்து பார்க்கத்தான் ஆள் குறைவு.

இந்த ஆண்டு நாம் கூடவே போன ஒரு பையனைச் சொல்கிறேன். பதினாறு வயது. யாருடைய வண்டியையோ எடுத்துப் பெட்ரோல் தீரும் வரை ஓட்டியிருக்கிறான். அவன் அம்மாவுக்கு டைல்ஸ் பட்டறையில் வேலை, கண்ணாடிப் பலகையில் ஊற்றி எடுத்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஏற்றும் வேலை. அன்றன்று கூலி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் செலவு வேறு. தாள்களை எல்லாம் சேலைக் கடைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அதை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிமெண்ட் பட்டு வெடித்த விரல்களால் அவர் அந்தக் கவரைப் பிரித்து மடிப்பதை ஏழு முறை பார்த்தேன். ஏழு நாள் கூலி என்று எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. நம் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

குழுமத்தில் அவனை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். மேடை இல்லை, கூண்டு இல்லை, ஒரு மேஜையைச் சுற்றிப் பேசினார்கள். ஆலோசனை சொல்லி அம்மாவோடு அனுப்பினார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான் வந்தது. அவன் படித்த பள்ளியில் திரும்பச் சேர்க்கத் தயங்கினார்கள். “மத்த பிள்ளைங்க பேரண்ட்ஸ் கேட்பாங்க சார்” என்றார்கள். இப்படி ஒரு தீர்ப்பால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டி, மூன்று முறை நடந்து, பிறகு சேர்த்தார்கள். ஆறு மாதம் முடிந்துவிட்டது. படிக்கிறான், வருகையில் குறைவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பியபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

“போன வருஷத்தைவிட இந்த வருஷம் தகவல்கள் கூடியிருக்கே, ஊர் கெட்டுப்போச்சா?” என்று செயற்குழுவில் ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் குழந்தைகளுக்கு எதிரான வழக்குகள் 2021-ல் 1,49,404, 2022-ல் 1,62,449. இதில் எவ்வளவு குற்றம் கூடியதால், எவ்வளவு ஜனங்கள் துணிந்து புகார் கொடுத்ததால் என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2012-லிருந்து கட்டாயம். சொல்லும் பழக்கம் வரும்போது எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். என்னைக் கேட்டால், ஒரு தகவலும் வராத தெருவைத்தான் நாம் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. புதுவயல் பக்கம் அரிசி ஆலைகளில் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளை ஒன்றுகூட நம் பதிவேட்டில் இல்லை. நம்மில் ஒருவருக்கும் இந்தி பேச வராது, அவர்கள் யாரிடம் வந்து சொல்வார்கள்? பூட்டிய பெரிய வீடுகளுக்குக் காவலாக இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் இல்லை. அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள், தெருவுக்குத் தெரிவதில்லை. இரண்டும் நம் குறை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போட்டோம். குழுக் கூட்டங்கள் எத்தனை நடந்தன என்பதற்கு ஒழுங்காகப் பதில் வந்தது. பிள்ளைகள் பின்னர் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு “அவ்வாறான விவரம் பராமரிக்கப்படவில்லை” என்று வந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. போன ஆண்டு வரை நம் நோட்டும் அப்படித்தானே இருந்தது. நம்முடைய மூன்று கட்டங்களையும் ஒரு மாதிரிப் படிவமாக எழுதி, கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்களிடம் நேரில் கொடுக்கிறோம். இரண்டு குழுவினர் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி நிறைய இருக்கிறது.

இந்தப் பொதுக்குழுவிடம் மூன்று கோரிக்கை. இந்தி பேசத் தெரிந்தவர்களை, கல்லூரிப் பிள்ளைகளானாலும் சரி, கூட்டி வாருங்கள். வாய்தாவுக்குப் போகும் தாய்மாருக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுக்க மன்ற நிதியில் தனிக்கணக்குத் தொடங்க ஒப்புதல் தாருங்கள். அப்புறம், ஆறு மாதப் பார்வைக்குப் போக இப்போது நாலு பேர்தான் இருக்கிறோம். வைகாசிக்குள் ஒன்பது வீட்டுக்குப் போக வேண்டும். பதிவேடு பட்டாலைக் கூடத்தில் மேஜை மேல் இருக்கிறது. பெயர் எழுதும்போது எந்தக் கிழமை தோதுப்படும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்