எதிர்ப்புச் சக்தியை ஏற்றினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், 'வைட்டமின் ஏ கூடக் கூட எதிர்ப்புச் சக்தி கூடும்' என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த எங்கள் தெரு மாமியார் ஒருவர், இரண்டு மாதம் முழுகாமல் இருக்கும் மருமகளுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிவிட்டார். நல்லவேளை, என்னிடம் காட்டினார். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அந்த மாத்திரை அளவு மீறினால் சிசுவுக்கு உறுப்புக் குறைபாடு வரலாம் என்பது தங்களுக்குத் தெரியாததா?

கோத்தகிரிப் பக்கம் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் வைட்டமின் ஏ மருந்து 1 மில்லி, அதாவது 1 லட்சம் யூனிட். அப்புறம் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 2 மில்லி. கரண்டியில் கோடு இருக்கும். மழை இருட்டில், எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டு வாசலில், டார்ச் அடித்து அந்தக் கோட்டைப் பார்த்து ஊற்றியிருக்கிறேன். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க நர்சம்மா" என்று எத்தனையோ தாய்மார்கள் கேட்டும் ஒரு சொட்டு கூட்டியதில்லை.

சரி, எதிர்ப்புச் சக்தி என்றால் சண்டை மட்டும்தானா? தினமும் உள்ளே போகும் சோற்றோடும், குடலிலேயே குடியிருக்கும் பாக்டீரியாவோடும் சண்டை போடாமல் இருப்பதும் அதன் வேலைதானே. குடலில் உள்ள டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களில் சில, வைட்டமின் ஏ-வை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றுகின்றன. அது டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தோடு சேர்ந்து, டி செல்கள் என்ற வெள்ளையணுக்களில் புதியவற்றை, சண்டையை அடக்கி வைக்கும் காவல் செல்களாகத் திருப்புகிறது. 2007-லேயே எலிகளில் இதைக் காட்டிவிட்டார்கள். அந்தக் காவல் செல்களைக் கண்டறிந்த ஜப்பான் விஞ்ஞானி சகாகுச்சிக்கும் இன்னும் இருவருக்கும் 2025-ல் நோபல் பரிசே கொடுத்தாயிற்று. உங்கள் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் அண்ணன் மகள் குடல் அழற்சியோடு நான்கு வருடமாகக் கோவைக்கு அலைகிறாள். அவளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவில்லை, அடங்காததுதான் நோய். உங்கள் வரியைக் காட்டி, "அத்தை, நானும் இதைச் சாப்பிடட்டுமா?" என்கிறாள். ஐஎல்-15 என்ற, அழற்சியைக் கூட்டும் சமிக்ஞைப் புரதம் மிகுந்திருக்கும் குடலில் அதே ரெட்டினாயிக் அமிலம் அழற்சியைத் தூண்டிவிடும் என்று 2011-ல் எலிகளிலேயே பார்த்திருக்கிறார்கள். அவளுக்கு நான் என்ன சொல்ல?

போன வருடம் எங்கள் கேத்தி கேரட் படத்தைப் போட்டுக் கொடைக்கானல் என்று எழுதினீர்கள். கடிதம் போட்டேன், பதில் இல்லை. சமையல் பக்கத்தில் பச்சைக் கேரட் சாறு குடிக்கச் சொன்னீர்கள். எண்ணெயோ நெய்யோ சேராமல் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. பொறுத்துக்கொண்டேன். ஆனால் இது கர்ப்பிணி வாயில் போகிற மாத்திரை.

வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், 'டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் ஏ மாத்திரை வாங்காதீர்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்' என்று இரண்டு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோத்தகிரி.