பூட்டுக்கு முன்னால் அலாரம்: கடை, ஏடிஎம் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் வருபவர்களில் பலர் கருவியின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறீர்கள். நாலு கேமரா, ஒரு சைரன், கனமாக ஒரு பெட்டகம். நாங்களோ விலை சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறோம்: நள்ளிரவில் அலாரம் அடித்தால் யார் வருவார்கள், எத்தனை நிமிடத்தில் வருவார்கள்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டாம். உங்களுக்கு எந்தக் கருவி வேண்டும், அதை எங்கே பொருத்த வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பதிலை வைத்துத்தான் முடிவாகிறது.

உடைக்கவே முடியாத பெட்டகம் கிடையாது. ஷட்டர், பூட்டு, இரும்புக் கதவு எல்லாமே திருடனைத் தாமதப்படுத்துபவை, அவ்வளவுதான். அந்தத் தாமதம் உங்களுக்குப் பயன்பட வேண்டுமானால் அலாரம் அதற்கு முன்பே அடித்திருக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டகம் 20 நிமிடம் தாங்கும், ஆள் வந்து சேர 15 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பெட்டகக் கதவு திறந்தால்தான் அலாரம் அடிக்கும் என்றால் அந்த 20 நிமிடமும் திருடனுக்குத்தான். அவன் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் ஆள் வருவார். முதல் துளை விழும்போதே அடிக்கிற அலாரமாக இருந்தால் கதவு திறப்பதற்கு 5 நிமிடம் முன்பே ஆள் வந்துவிடுவார். பெட்டகம் அதே பெட்டகம், சென்சார் இருக்கும் இடம் மட்டும்தான் வேறு.

அதனால்தான் கதவு திறந்தால் மட்டும் அடிக்கும் காந்த சென்சாரே போதும் என்று சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஏடிஎம்முக்கும் பெட்டகத்துக்கும் அதிர்வு சென்சார் அவசியம். அதைப் பொருத்தும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பின் மேல் இறுக்க வேண்டும். பெயின்டின் மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினால் அதிர்வு குறைந்துதான் வந்து சேரும். பெட்டகத்தின் உடலில் ஒன்று, கதவில் ஒன்று என்று இரண்டு வேண்டும், ஏனென்றால் கதவுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அதிர்வு சரியாகக் கடக்காது. கேஸ் கட்டர் அதிகம் அதிர்வதில்லை. அதற்காக வெப்பத்தையும் உணரும் வகையைத்தான் வாங்க வேண்டும். பொருத்தியதும் ஏடிஎம்மில் நிஜமாகவே பணம் எடுத்துப் பாருங்கள். நோட்டு எண்ணும் சக்கரம் சுழலும்போதே அலாரம் அடித்தால் உணர்திறன் கூடுதலாக இருக்கிறது என்று பொருள். அப்படியே விட்டால் வீண் அலாரத்தில் சலித்துப்போய் யாராவது ஒருநாள் அதை அணைத்துவிடுவார்கள். அலாரமே இல்லாததைவிட அணைத்துவைத்த அலாரம் ஆபத்தானது. அது இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே நீங்கள் தூங்குவீர்கள்.

கடைக்குள் வைக்கும் நடமாட்ட சென்சார், தன்னை நோக்கி நேராக வருபவனைவிடக் குறுக்கே கடப்பவனைத்தான் சுலபமாகப் பிடிக்கும். வாசலைப் பார்த்து வைக்காமல், வாசலிலிருந்து கல்லாவுக்குப் போகும் வழியின் பக்கவாட்டில் வையுங்கள். இந்த சென்சார் உடல் சூட்டை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது, அதனால் அறையின் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது அதன் எட்டும் தூரம் குறைந்துவிடும். ஓடு, தகரம் வேய்ந்து பூட்டிக் கிடக்கும் கடைகளில் இதை நம்பி மட்டும் இருக்கக் கூடாது. இன்னொன்று: முன் ஷட்டருக்குச் செலவழித்துவிட்டுப் பின்சுவரை மறந்துவிடுகிறோம். அடுத்த கடை காலியாக இருந்தால் ஒற்றைச் செங்கல் சுவரில் துளை போட்டு வருவது ஷட்டரை நெம்புவதைவிடச் சத்தம் குறைந்த வேலை. நகைக்கடை, அடகுக்கடைக்காரர்கள் அந்தச் சுவருக்கு இரும்பு வலையும் அதிர்வு சென்சாரும் போடுங்கள்.

இனி பெட்டகம். ஐரோப்பியத் தரமான இஎன் 1143-1 பெட்டகங்களை 0-விலிருந்து மேலே தரவரிசைப்படுத்துகிறது. 1-ம் தரத்துக்கு 30/50, 3-ம் தரத்துக்கு 80/120 என்று எதிர்ப்பு அலகுகள் இருக்கும். முதல் எண் கை நுழையும் அளவு ஓட்டை போடுவதற்கு, இரண்டாவது எண் முழுவதும் திறப்பதற்கு. 30 அலகு என்றால் 30 நிமிடம் என்று யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள். வேலை நேரத்தைக் கருவியின் வலிமைக்கான எண்ணால் பெருக்கி, அந்தக் கருவிக்கென உள்ள அடிப்படை மதிப்பையும் கூட்டி வருவதுதான் அலகு. கருவி எவ்வளவு வலிமையானதோ அவ்வளவு குறைந்த நிமிடத்திலேயே அலகு தீர்ந்துவிடும். ஏடிஎம் பெட்டகமாக இருந்தால், வாயு நிரப்பி வெடிக்கும் தாக்குதலுக்கும் சோதித்ததற்கான தனிக் குறி சான்றுத் தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு நல்ல பெட்டகமானாலும் தரையில் பிணைக்கவில்லை என்றால் அது ஒரு கனமான சாமான்தான். தூக்கிக்கொண்டு போய் நிதானமாக உடைப்பார்கள். அதே தரம், 1000 கிலோவுக்குக் குறைந்த, தனியே நிற்கும் பெட்டகத்தில் ஆங்கர் துளை (தரையோடு பிணைக்கும் போல்ட்டுக்கான துளை) இருந்தே ஆக வேண்டும் என்கிறது. துளை இருந்தும் போல்ட் போடாமல் நிற்கும் பெட்டகங்கள்தான் கவலை தருகின்றன. போட்டவற்றிலும் பாதி வேலை டைல்ஸோடு நின்றுவிடுகிறது. டைல்ஸும் அதன் கீழே உள்ள சிமென்ட் பூச்சும் பிடிமானம் ஆகாது, கீழே கான்கிரீட்வரை போக வேண்டும். 16 மில்லிமீட்டர் கெமிக்கல் ஆங்கருக்கு (துளையில் பசை நிரப்பிப் பிடிக்கவைக்கும் போல்ட்) வழக்கமாக 18 மில்லிமீட்டர் துளை, கான்கிரீட்டுக்குள் மட்டும் 125 மில்லிமீட்டர் ஆழம். பூச்சு 60 மில்லிமீட்டர் இருந்தால் அதையும் சேர்த்து ஆழத்தைக் கணக்கிடுங்கள். துளைத்ததும் ஊதி, கம்பி பிரஷ் போட்டு, மறுபடியும் ஊத வேண்டும். தூசு இருந்தால் பசை தூசைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. இழுத்தால் போல்ட் பசையோடு சேர்ந்து வந்துவிடும். குளிர்ந்த நாளிலும் ஈரத் துளையிலும் பசை இறுக நேரம் கூடும். பசைக் குழாயில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை நட்டை முறுக்க விடாதீர்கள்.

ஷட்டரைப் பொறுத்தவரை நடுவில் ஒரே பூட்டு இருந்தால் ஒரு மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம். அடிப்பட்டையின் இரண்டு ஓரங்களிலும் தரையோடு பிணைக்கும் பூட்டு வேண்டும். வளையம் வெளியே நீண்டிருக்கும் பூட்டு கட்டருக்கு வாகானது. வளையத்தைப் பூட்டின் உடலே இருபுறமும் தோள்போல் உயர்ந்து மூடியிருக்கும் வகையை வாங்குங்கள். பூட்டைவிடக் கொண்டிதான் முதலில் கழன்று வரும். அதை ஸ்குரூவால் பிடிக்காமல், உள்பக்கம் தகடு வைத்து போல்ட் போடுங்கள். ஷட்டர் திறந்தது தெரிந்தால் போதாது, நெம்பும்போதே தெரிய வேண்டும்.

கண்ணாடிக் கடைகளுக்கும் ஏடிஎம் அறைகளுக்கும் நாங்கள் மனதார வாங்கச் சொல்வது மூட்டக் கருவி. கிளைகோல் என்ற திரவம் கலந்த நீரைச் சூடாக்கி, சில நொடிகளில் அறை முழுக்கக் கண் தெரியாத வெண்மூட்டம் பரப்பும். அலாரம் அடித்த பின் ஆள் வரும்வரை உள்ள இடைவெளியைத் திருடனுக்குப் பயனற்றதாக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஒரே சென்சார் சொன்னதும் கிளம்பாதபடி, இரண்டு சென்சார் சேர்ந்து சொன்னால்தான் கிளம்பும் என்று அமைக்க வேண்டும். மூட்டம் உள்ளே இருப்பவனை வெளிவாசலை நோக்கித் தள்ள வேண்டும், வழியை அடைக்கக் கூடாது. உள்ளே இருப்பவன் வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்டால் விபரீதம். அறையில் புகை சென்சார் இருந்தால் அதுவும் அடிக்கும், தீயணைப்பு அலாரம் பொருத்தியவரோடு கலந்து பேசிவிடுங்கள்.

வாகனத்தால் மோதி ஏடிஎம்மைப் பெயர்த்து எடுப்பதைத் தடுக்க முன்னால் தூண்கள் நட வேண்டும். தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கார் நுழைந்துவிடும். டைல்ஸ் மேல் தகடு வைத்து போல்ட் போட்ட அலங்காரத் தூண் மோதிய வேகத்தில் படுத்துவிடும். அடித்தளத்தோடு வார்த்து, வாகன மோதலுக்குச் சோதித்த சான்று உள்ள தூணைத்தான் எண்ணிக்கையில் சேருங்கள்.

பகலில், ஆள் இருக்கும்போது நடக்கும் கொள்ளைக்கு மேலே சொன்ன தடைகள் எதுவும் உதவாது, அங்கே உயிர்தான் முதலில். தாமதப் பூட்டு போடுங்கள்: எண் அழுத்தி 10 நிமிடம் கழித்துத்தான் திறக்கும். அதைப் பலகையில் எழுதி வாசலிலேயே மாட்டுங்கள். உங்கள் ஊழியரால் அவசரப்படுத்த முடியாது என்பது உள்ளே வருபவனுக்குத் தெரிவதுதான் அவரைக் காப்பாற்றும். மிரட்டித் திறக்கச் சொன்னால் அழுத்துவதற்கென்று, சத்தமில்லாமல் அலாரத் தகவல் அனுப்பும் தனி எண்ணும் வையுங்கள். பெட்டகம் வந்தபோது இருந்த தொழிற்சாலை எண்ணை இன்னும் மாற்றாதவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள். இரவில் கல்லாவைக் காலிசெய்து, திறந்தே வைத்துவிட்டுப் போங்கள், மேசை உடையாமலாவது இருக்கும்.

அலாரம் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி வழக்கமாக 3 முதல் 5 ஆண்டுதான் உழைக்கும். வெயில் பட்டால் அதுவும் குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து சைரனை அடித்துப் பாருங்கள். சிம் வழியாக மட்டும் தகவல் அனுப்பும் பெட்டியாக இருந்தால் இணைய வழி ஒன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று அறுந்தால் அதையே அலாரமாகக் கொள்ளும்படி அமைக்கலாம். கேமராப் பதிவுப் பெட்டியைக் கல்லா மேசைக்கு அடியில் வைத்திருப்பவர்கள் அதை வேறு இடத்தில் பூட்டிவையுங்கள். வெளியேறும் வாசலில் ஒரு கேமராவை முகத்தின் உயரத்தில் வையுங்கள். கூரையிலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தொப்பிதான் தெரியும்.

அளவெடுக்க எங்கள் ஆள் வரும்போது மூன்று விவரங்களைத் தயாராக வைத்திருங்கள்: ஆள் வர ஆகும் நிமிடம் (இரவில் ஒருமுறை நிஜமாகவே கூப்பிட்டுப் பார்த்தது), தரையில் டைல்ஸ் பூச்சு எவ்வளவு தடிமன், பக்கத்துச் சுவர்களுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பாதுகாப்புக் கருவி நிறுவனத்தார்