குதிகால் வலி: கலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டுக்குக் குடிபோனது, அத்தை உங்களோடு வந்துவிட்டது, தம்பிக்குக் கோவையில் வேலை கிடைத்தது எல்லாம் படித்து மனசு நிறைந்தது. ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் உயிர் போகிறது, எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறதாம், ஆபரேஷன் வரை போகுமோ என்று. அதைப் படித்ததும்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த எலும்பைப் பற்றிய பயத்தை விடு. குதிகாலில் துளி வலிகூட இல்லாதவர்களை எக்ஸ்ரே எடுத்தாலும் பலருக்கு முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த எலும்பு தெரியும். அதைக் காட்டிப் பயந்துபோய் வருகிறவர்களை என் பிசியோதெரபி அறையில் நிறையப் பார்க்கிறேன். வலி அநேகமாக வேறு இடத்திலிருந்து வருகிறது. குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்கள் வரை ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. வில்லுக்கு நாண் மாதிரி பாதத்தின் வளைவை அதுதான் இழுத்துப் பிடித்திருக்கிறது. குதிகாலில் அது ஒட்டும் இடம் நைந்துபோவதைத்தான் டாக்டர்கள் பிளான்டார் ஃபேஸியைட்டிஸ் என்கிறார்கள். இரவெல்லாம் அசையாமல் இருந்த சவ்வை முதல் அடி திடீரென்று இழுப்பதால் அப்படி வலிக்கிறது. நாலு அடி நடந்தால் குறையும், ரொம்ப நேரம் நின்றால் திரும்ப வரும். நீ எழுதியிருப்பது அச்சு அசல் இதேதான். கட்டை விரலால் குதிகாலின் அடியில், உள்பக்கமாகச் சற்று முன்னால் அழுத்திப் பார். ஒரே புள்ளியில் சுரீர் என்றால் இதுவாகத்தான் இருக்கும்.

உனக்கு ஏன் வந்தது என்று யோசித்தேன். நாள் முழுக்க வகுப்பில் நிற்கிறாய். வீட்டுக்கு வந்தால் புது டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சமையல். நம் வயசுக்கு ஏறிய எடையும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்குள் செருப்புப் போடுவதற்கு அத்தை ஒருவேளை முகம் சுளிக்கலாம். வெளியே போடாத ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல், புரிந்துகொள்வார்கள். எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு போதும். தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களுக்காக வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் போன்றவர்கள் அந்த மெத்து ரப்பரைப் பயன்படுத்தினார்கள். வாங்கும்போது குதிகால் பக்கம் அழுத்திப் பார், முழுக்க அமுங்கித் தட்டையானால் வேண்டாம்.

அப்புறம் பயிற்சி. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதே. காலையில் எழுந்ததும் தரையில் கால் வைக்கும் முன் கட்டிலிலேயே உட்கார். வலிக்கிற காலை மற்ற தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழு. இன்னொரு கையால் உள்ளங்காலைத் தொட்டால் சவ்வு விறைத்து நிற்பது தெரியும். 10 விநாடி பிடி, விடு. 10 தடவை. இப்படி ஒரு நாளைக்கு மூன்று வேளை. கெண்டைக்கால் இறுகியிருந்தாலும் சவ்வின்மேல்தான் பாரம் விழும். அதனால் சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் 30 விநாடி நில். வலி கொஞ்சம் அடங்கியதும், படி விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கடியில் வைத்து, மெதுவாகக் குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்கு. இதை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். ஒரு வாரத்தில் மாயமாக மறையாது, மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடுகிறது.

ஊசி போட்டால் உடனே விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாமே. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும், உண்மைதான். ஆனால் அதனால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியலாம், அபூர்வமாகச் சவ்வே அறுந்தும் போகலாம். பயிற்சியை ஒழுங்காகச் செய்து பார்க்காமல் அதற்குப் போகாதே என்பது என் திடமான அபிப்பிராயம்.

அத்தை சொன்ன எருக்கிலை, செங்கல் ஒத்தடம் இதமாக இருந்தால் செய்துகொள், சூடு மட்டும் அளவாக இருக்கட்டும். அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறதே, அவர் காலில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். மரத்த பாதத்தில் சுட்டுப் புண்ணாவது தெரியவே தெரியாது.

எல்லாக் குதிகால் வலியும் இதுவல்ல என்பதால் சில விஷயங்களுக்கு மட்டும் உடனே பதில் எழுது. இரவில் உள்ளங்கால் எரிகிறதா, மதமதக்கிறதா? நரம்பு நசுங்கினால் அப்படி இருக்கும். குதிகாலை இரு பக்கமும் பிடித்து நசுக்கினால் வலிக்கிறதா? எலும்பில் கீறல் இருக்கலாம். வலி குதிகாலுக்குப் பின்னால், கெண்டைக்கால் தசைநாண் வந்து ஒட்டும் இடத்தில் இருக்கிறதா? அப்படியானால் நான் சொன்ன படிப் பயிற்சியைத் தரையிலேயே செய். இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் பிடித்திருந்தால் மூட்டுவாத நோய் டாக்டரைப் பார்க்க வேண்டும். காலை ஊன்றவே முடியாவிட்டாலோ, வீங்கிச் சிவந்து காய்ச்சலும் அடித்தாலோ கடிதத்துக்குக் காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

அத்தைக்கும் அண்ணனுக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
மீனா