குரோம்புக் நல்லதா என்பதல்ல கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸுக்குப் பதிலாகக் கூகுளின் குரோம்ஓஎஸ் என்ற இயங்குதளத்தில், பெரும்பாலும் பிரவுசரை நம்பியே ஓடுகிற குரோம்புக் என்கிற மலிவு லேப்டாப்பைப் பரிந்துரைத்து உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையையும், ‘அது வெறும் பொம்மை, காசுக்குத் தண்டம்’ என்று அதற்கு ஒரு வாசகர் எழுதியிருந்த பதிலையும் படித்தேன். இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. எங்கள் குடும்பத்தில் அந்த மெஷின் இரண்டு வாங்கினோம். ஒன்று அம்மாவிடம் ஐந்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று அக்காவிடம் இரண்டே மாதம் இருந்துவிட்டு அலமாரிக்குப் போய்விட்டது. இத்தனைக்கும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாடல்.

அம்மாவுக்கு வேண்டியது நாலே விஷயம்: மெயில், யூடியூப், பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால், பேப்பர் படிப்பது. நாலுமே பிரவுசருக்குள் நடப்பவை. தமிழில் தட்டச்சு செய்யவும் தனியாக எதையும் தேடி நிறுவ வேண்டியிருக்கவில்லை, தமிழ்99 உள்பட சில விசைப்பலகைகள் அதிலேயே இருக்கின்றன, அமைப்புகளில் போய்ச் சேர்த்துக்கொண்டால் போதும். ஒரு நாள் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று ஏதோ ஒரு தளம் மிரட்ட, அம்மா பயந்துபோய் அது சொன்னதையெல்லாம் அழுத்தி ஒரு எக்ஸி ஃபைலை டவுன்லோட் செய்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது அந்த ஃபைல் டவுன்லோட்ஸில் சும்மா கிடந்தது. விண்டோஸுக்காக எழுதிய நிரல் அங்கே ஓடாது, அவ்வளவுதான். ஆனால் அதே தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கொடுத்துவிட்டதால் இரண்டு நாளாக மூலையில் மிரட்டல் வந்தபடியே இருந்திருக்கிறது, அதை நான்தான் நிறுத்தினேன். ஆக, குரோம்புக்கில் வைரஸே வராது என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள், ஏமாற்றுக்காரர்கள் அங்கேயும் வருவார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அக்கா கதை வேறு. அவர் மொழிபெயர்ப்பாளர், பதினைந்து வருஷ வேலை மொத்தமும் பாமினி எழுத்துருவில் இருக்கிறது, அனுப்புகிறவர்களும் பாமினியிலேயே அனுப்பி பாமினியிலேயே திருப்பிக் கேட்கிறார்கள். முதல் ஃபைலைத் திறந்தார், திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். பாமினி என்பது யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்டுவிடுகிற ஏற்பாடு. எழுத்துரு இருந்தால்தான் வேஷம் நிற்கும், இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். விண்டோஸில் எழுத்துருவை ஒரு நிமிஷத்தில் நிறுவிக்கொள்ளலாம், குரோம்புக்கில் அதற்கு இடமே இல்லை. குரோம்புக்கிலேயே லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தின் நிரல்களை ஓட்டத் தனியாக ஒரு பகுதி உண்டு, அதைத் திறந்து, அதற்குள் லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச ஆவண மென்பொருளைப் போட்டு, அங்கே எழுத்துருவை வைத்துப் பார்த்தோம். வந்தது, நிஜமாகவே வந்தது. ஆனால் 4 ஜிபி ராமில் அதையும் ஓடவிட்டு, பக்கத்தில் பிரவுசரில் ஏழெட்டு டேபையும் திறந்து வைத்தால், ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் பக்கம் மறுபடி முதலிலிருந்து லோடாகும். அப்புறம் அந்தப் பழைய பிரிண்டர் வேறு கடைசிவரை மசியவில்லை. தப்பு மெஷின் மேல் இல்லை. வாங்கிக் கொடுக்கும் முன் ‘அக்கா, உன் வேலையில் பிரவுசருக்கு வெளியே நடப்பது எது?’ என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கடிதமே. வாங்க நினைக்கிறவர்கள் ஒரு வாரம் தங்கள் இப்போதைய கணினியில் பிரவுசரை விட்டு வெளியே வராமல் வேலை பார்த்துப் பாருங்கள், வெளியே வர நேர்ந்தால் எதற்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். பத்துக்கு ஒன்பது வேலை பிரவுசரிலேயே முடிந்துவிடும், சந்தேகமில்லை. மீதி இருக்கிற அந்த ஒன்றுதான் கழுத்தை அறுக்கும்: கணக்கு எழுதும் மென்பொருள், டிஜிட்டல் கையெழுத்து போடும் யூஎஸ்பி டோக்கன், நாலு மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரல்) வைத்த எக்செல் ஃபைல் என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். எக்செலும் வேர்டும் குரோம்புக்கில் நெட் வழியாகத் திறக்கும்தான், ஆனால் கணினியில் நிறுவுகிற முழுப் பதிப்பு அங்கே கிடையாது, மேக்ரோவும் ஓடாது.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் காசில்லாமல் இன்னும் நெருக்கமாகவே பார்த்துவிடலாம். சாதாரணக் கணினியிலும் ஓடுகிற குரோம்ஓஎஸ் ஒன்றை, குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்று கூகுளே இலவசமாகத் தருகிறது, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல், நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். குரோம்புக்கில் ஓடுகிற ஆண்ட்ராய்டு ஆப் மட்டும் அதில் வராது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுபோனதால் முடங்கிக் கிடக்கிற மெஷின்கள் பலருக்கும் இருக்கும். ஓட்டிப் பார்த்துப் பிடித்துப்போய் அதிலேயே நிறுவிக்கொண்டால் புதிதாக வாங்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போகலாம் (விற்கிறவர்கள் என்னைத் திட்டட்டும்).

நெட் இல்லாவிட்டால் அது வெறும் பலகை என்று அந்த வாசகர் எழுதியிருந்தது 2011-இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது ஓரளவு சரி. இப்போது ஆவணங்களை நெட் இல்லாமலும் திருத்தலாம், ஆனால் அதை நெட் இருக்கும்போதே ஆன் செய்து வைத்திருக்க வேண்டும், ரயிலில் ஏறிய பிறகு நினைவு வந்து பிரயோஜனமில்லை. கேப்ஸ் லாக் இருக்கவேண்டிய இடத்தில் வேறு பட்டன் இருக்கும், பெரும்பாலான மாடல்களில் டிலீட் பட்டனே இருக்காது. இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும், விடுங்கள்.

பழகாதது ராம். விலை குறைந்த மாடல்களில் 4 ஜிபியை மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள், பின்னால் கூட்ட முடியாது. அம்மாவுக்கு அது போதும், இருபது டேப் திறக்கிறவர் 8 ஜிபிக்குக் கீழே பார்க்கவே வேண்டாம். 2023 அக்டோபரில் வந்த ‘குரோம்புக் பிளஸ்’ வகையில் குறைந்தது 8 ஜிபி ராம், 128 ஜிபி சேமிப்பு, முழு ஹெச்டி திரை என்று வைத்திருக்கிறார்கள், நல்ல மெஷின்கள்தான். ஆனால் அந்த விலைக்கு ஏறிவிட்டால் நல்ல நிலையில் உள்ள பழைய ஆஃபீஸ் லேப்டாப் ஒன்றே கிடைத்துவிடும், மலிவு என்று கிளம்பியவர் அங்கே நின்று கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உங்கள் கட்டுரை ‘எல்லா மாணவர்களுக்கும்’ ஏற்றது என்று ஒரே வரியில் முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிக்குச் சரி. கல்லூரி என்றால் எந்தப் படிப்பு, என்ன மென்பொருள் கேட்கிறார்கள் என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஆன்லைன் தேர்வுக்கு நிறுவச் சொல்லும் கண்காணிப்பு மென்பொருள் சில விண்டோஸிலும் மேக்கிலும் மட்டும்தான் ஓடும். தேர்வுக்கு முந்தின ராத்திரி அது தெரியவந்தால் என்ன செய்வது?

கடைசியாக ஒன்று, கட்டுரையில் இது இல்லவே இல்லை. ஒவ்வொரு குரோம்புக்குக்கும் அப்டேட் நிற்கும் தேதி ஒன்று உண்டு. 2021 முதல் வெளிவந்த மாடல்களுக்குப் பத்து வருஷம் என்று கூகுள் 2023 செப்டம்பரில் அறிவித்தது, நல்ல விஷயம். ஆனால் அந்தப் பத்து வருஷம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த வகை மெஷின் முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. அந்த அறிவிப்புக்கு முன்பு என் நண்பர் ஒருவர் சீல் பிரிக்காத பெட்டி, பாதி விலை என்று சந்தோஷமாக வாங்கி வந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு வருஷம்கூட மிச்சமில்லை, விற்றவரிடம் கேட்டதற்கு ‘அப்படி ஒரு தேதியா?’ என்று திருப்பிக் கேட்டாராம். தேதி தாண்டினால் மெஷின் செத்துவிடாது, ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். பிரவுசரை மட்டுமே நம்பியிருக்கிற மெஷினில் பழைய பிரவுசரோடு வங்கிக் கணக்கைத் திறக்க எனக்குத் தைரியம் வராது. கையில் மெஷின் இருந்தால் அமைப்புகளில் ‘குரோம்ஓஎஸ் பற்றி’ என்ற பகுதியில் தேதி தெரியும், வாங்கும் முன் என்றால் மாடல் பெயரை வைத்துக் கூகுளின் உதவிப் பக்கத்தில் பார்க்கலாம். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை இப்படி ஒப்பீட்டு அட்டவணை போடும்போது விலைக்குப் பக்கத்தில் அந்தத் தேதிக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்