தற்சுழற்சியை டைப்பிலிருந்து தொடங்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலின் முதல் பாடத்திலேயே ‘லெட் ரெக்’ என்று தொடங்கும் தற்சுழற்சிச் செயற்கூறுகள், அதாவது தம்மையே அழைக்கும் ஃபங்ஷன்கள், வருகின்றன. அடுத்த பாடம் தரவை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர், அதிலிருந்து பகுதிகளை எடுக்கும் செலக்டர் பற்றியது. இரண்டையும் இணைப்பது தன்னையே தனக்குள் வைத்திருக்கும் டேட்டா டைப் (தரவு எந்த வடிவில் இருக்கும் என்ற வரையறை). அதை ஒரு பீரியடில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கணினி ஆசிரியர்கள் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள். செயற்கூற்றிலிருந்து தொடங்கினால், எங்கே நிறுத்துவது என்பதை மாணவர் மனப்பாடம் செய்கிறார். டைப்பிலிருந்து தொடங்கினால் நிற்கும் இடம் எழுத்திலேயே இருக்கிறது.

பாடநூலின் நடைக்கு நெருக்கமான ஓகேமல் (OCaml) என்ற புரோகிராம் மொழியில் கணிதக் கோவையை இப்படி வரையறுக்கலாம்:

டைப் கோவை =
| எண் ஆஃப் இன்ட்
| கூட்டு ஆஃப் கோவை * கோவை
| பெருக்கு ஆஃப் கோவை * கோவை

(டைப்பில் ‘*’ என்பது பெருக்கல் அல்ல, இரண்டும் சேர்ந்த ஜோடி. ‘இன்ட்’ என்பது முழு எண். கரும்பலகையில் தமிழில் எழுதலாம். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டும்போது டைப்பின் பெயர் சிறிய எழுத்திலும், கன்ஸ்ட்ரக்டரின் பெயர் பெரிய எழுத்திலும் தொடங்க வேண்டும். மாறினால் சின்டாக்ஸ் எரர்.)

2 + 3 × 4 என்பது கூட்டு (எண் 2, பெருக்கு (எண் 3, எண் 4)). அடைப்புக்குறி போட்ட (2 + 3) × 4 என்பது பெருக்கு (கூட்டு (எண் 2, எண் 3), எண் 4). எதை முதலில் செய்வது என்ற கேள்விக்கே இடமில்லை. அமைப்பிலேயே விடை இருக்கிறது. மதிப்பைக் கணிக்கும் செயற்கூறு இது (‘மேட்ச்’ என்பது கோவை எந்த வகை என்று பார்த்து, அதற்கான வரியைத் தேர்ந்தெடுக்கும்):

லெட் ரெக் மதிப்பு க = மேட்ச் க வித்
| எண் ந -> ந
| கூட்டு (அ, ஆ) -> மதிப்பு அ + மதிப்பு ஆ
| பெருக்கு (அ, ஆ) -> மதிப்பு அ * மதிப்பு ஆ

முதல் கோவைக்கு 14, இரண்டாவதற்கு 20. டைப்பில் ‘கோவை’ என்ற பெயர் எங்கெல்லாம் மீண்டும் வருகிறதோ, அங்கெல்லாம் செயற்கூறும் தன்னை அழைக்கிறது. ‘எண்’ வரியில் அது வரவில்லை. அங்கே தற்சுழற்சி நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்ட மாணவருக்குப் பட்டியல், பைனரி மரம் (ஒவ்வொரு கணுவிலிருந்தும் அதிகபட்சம் இரண்டு கிளைகள்) எல்லாம் இதே வேலைதான்.

மாணவர்கள் தடுமாறும் இடங்களையும் சொல்ல வேண்டும். ஓகேமலில் செயற்கூற்றுக்கு ‘ரெக்’ கட்டாயம். டைப்புக்குத் தேவையில்லை, அது இயல்பாகவே தற்சுழற்சி கொண்டது. இரண்டு டைப்புகள் ஒன்றையொன்று குறிப்பிட்டால் நடுவே ‘அண்ட்’ போட்டு இணைக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் டைப் முன்னதற்குத் தெரியாது. ஹாஸ்கெல் என்ற மொழியில் இந்த வரிசைச் சிக்கல் இல்லை.

‘டைப் ஜோடி = இன்ட் * ஜோடி’ என்று கன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் எழுதினால் கம்பைலர் (புரோகிராமைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் மென்பொருள்) ஏற்காது. அது வெறும் மாற்றுப்பெயர். விரித்துக்கொண்டே போனால் முடிவே இல்லை. ‘டைப் கணு = கணு ஆஃப் இன்ட் * கணு’ என்றால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நிற்கும் வகை எதுவும் இல்லாததால் முடிவுள்ள மதிப்பு ஒன்றைக்கூட உருவாக்க முடியாது. ‘லெட் ரெக்’ கொண்டு தன்னையே சுட்டும் வளையமாக உருவாக்கலாம். அதன் கூட்டுத்தொகையைக் கேட்டால் புரோகிராம் விடை தராது. தேவைப்படும்போது மட்டும் கணிக்கும் ஹாஸ்கெலில் இதே வடிவம் முடிவில்லாத் தொடராகப் பயன்படும். முதல் 10 உறுப்புகளை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம்.

இந்த முறையின் பெரிய பலன் டைப்பை மாற்றும்போதுதான் தெரியும். ‘கழி’ என்று நான்காவது வகையைச் சேர்த்துப் பாருங்கள். அதைக் கையாளாத ஒவ்வொரு மேட்ச்சையும் கம்பைலர் காட்டி, எந்த வகை விடுபட்டது என்று உதாரணத்தோடு எச்சரிக்கும். எச்சரிக்கையைப் புறக்கணித்தால் புரோகிராம் ஓடும்போது மேட்ச் ஃபெய்லியரில் நிற்கும். ‘மற்றவை எல்லாம்’ என்று அடிக்கோடு (_) போட்டுக் கடைசி வரியை எழுதிப் பழக்கக் கூடாது; அது எச்சரிக்கையையே வாயடைத்துவிடும். இதில் ஆசிரியர்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஆழத்தையும் கவனிக்க வேண்டும். பத்து லட்சம் எண்கள் கொண்ட சமநிலை மரத்தின் ஆழம் சுமார் 20தான். அதே எண்களை ஏறுவரிசையில் சாதாரணத் தேடல் மரத்தில் (சிறியது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம்) சேர்த்தால் ஆழமும் பத்து லட்சம்; செயற்கூற்று அழைப்புகளும் அத்தனை அடுக்கு ஏறும், ஸ்டாக் (முடியாத அழைப்புகளைக் குறித்துவைக்கும் நினைவகம்) நிரம்பிவிடலாம். நீளமான பட்டியலைக் கூட்டும்போது, அதுவரை வந்த தொகையைக் கூடுதல் அளபுருவாக அனுப்பி, கடைசி வேலையாகத் தன்னை அழைத்தால் ஸ்டாக் வளராது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியான ஹோப் மொழியிலேயே இவ்வகை டைப்புகள் இருந்தன. இன்று ரஸ்ட், ஸ்விஃப்ட் போன்ற மொழிகளிலும் இருக்கின்றன. ரஸ்டில் தற்சுழலும் பகுதியை ‘பாக்ஸ்’ செய்ய (நினைவகத்தில் தனியே வைத்துச் சுட்ட) மறந்தால், டைப்பின் அளவு முடிவற்றது என்று கம்பைலர் மறுத்துவிடும்.

வீட்டுப்பாடமாக ‘வகு’ என்ற வகையைச் சேர்க்கச் சொல்லலாம். பூச்சியத்தால் வகுத்தால் என்ன தருவது என்ற கேள்வி உடனே எழும். மதிப்பு செயற்கூறு இன்ட்டுக்குப் பதில் இன்ட் ஆப்ஷன் (எண் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற டைப்) தரும்படி மாணவர்களே மாற்றி எழுதட்டும். ஒவ்வொரு வரியும் மாற வேண்டியிருக்கும், எந்த வரி என்பதைக் கம்பைலரே சொல்லும்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர்,
திருச்சி