2046-இல் கரி எங்கிருந்து வரும்? சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுமத் தலைவர், உறுப்பினர் செயலர் மற்றும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1976-இல் வந்தது. இரண்டாவது 2008-இல் வந்தது. மூன்றாவது, 2026 முதல் 2046 வரைக்கானது. எங்கே வீடு, எங்கே சாலை, எங்கே தொழிற்பேட்டை என்று இருபது ஆண்டுகளுக்கு வரையறுக்கும் அந்த ஆவணத்தில், அவை அனைத்தையும் இயக்கப்போகும் எரிபொருள் எங்கிருந்து வரும், எவ்வளவு காலம் வரும் என்ற கணக்கும் இடம்பெற வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். மின்சாரம் மின்வாரியத்தின் பாடு, பெட்ரோல் எண்ணெய் நிறுவனங்களின் பாடு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் நிறைவேற்ற வேண்டிய தேவை, நீங்கள் அனுமதி அளிக்கும் கட்டடங்களில்தான் பிறக்கிறது.

எண்ணெய் தீர்ந்துவிடும் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவருகிறார்கள், இன்னும் தீரவில்லையே என்ற கேலி எனக்குத் தெரியும். அதில் நியாயமும் உண்டு. அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1970-ஐ ஒட்டி உச்சம் தொட்டு இறங்கும் என்று அந்நாட்டு நிலவியலாளர் ஹப்பர்ட் 1956-இல் கணித்தார், அப்படியே நடந்தது. ஆனால் ஷேல் பாறைகளை உடைத்து எண்ணெய் எடுக்கக் கற்ற பிறகு, 2018-இல் அந்த உச்சத்தையும் அந்நாடு தாண்டிவிட்டது. ஆகவே ஒரு தேதி குறித்து அன்றோடு தீர்ந்தது என்று சொல்வது வீண் வேலை. எளிதாகக் கிடைப்பது முதலில் போய், செலவும் சிக்கலும் மிகுந்தது பின்னால் எஞ்சுவதைத்தான் திட்டமிடுபவர்கள் கவனிக்க வேண்டும். நம் நாட்டின் கச்சா எண்ணெய் உற்பத்தி 2011-12-இல் ஏறத்தாழ 3.8 கோடி டன்; 2023-24-இல் அது 3 கோடி டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதிதான்.

நிலக்கரி நாட்டில் ஏராளமாக இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டில் இல்லை. வடசென்னை அனல்மின் நிலையத்துக்கான கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்ச்சேர் பகுதியில் வெட்டப்பட்டு, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பலேறி எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து கன்வேயர் பட்டையில் கொதிகலனுக்குப் போகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அத்தனை தொலைவு சுமந்து வந்த அந்தச் சாம்பலைக் கொட்டத்தான் கொசஸ்தலை ஆற்றங்கரையில் இடம் தேடுகிறோம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நின்றாலும் போதும். 2021 அக்டோபரில் நாட்டின் அனல்மின் நிலையங்களில் சராசரியாக நான்கு நாள் கரியே கையிருப்பில் இருந்தது. அன்று நிலத்தடியில் எதுவும் தீர்ந்துவிடவில்லை. நிலையத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

மண்ணுக்கடியில் இருப்பது வேறு, எடுக்கக் கிடைப்பது வேறு என்பதை நெய்வேலி இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கிய அந்த ஊரின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. பழுப்பு நிலக்கரி இன்னும் நிறையவே இருக்கிறது. ஆனால் 2023 ஜூலையில் நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில் சுரங்கப் பணிக்காகப் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த எதிர்ப்பை நாம் பார்த்தோம். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என மூன்று நிலக்கரிப் பகுதிகளை ஏலத்திலிருந்து ஒன்றிய அரசு விலக்க வேண்டிவந்தது. விலக்கியது சரியே என்பது என் கருத்து. அப்படியானால் அந்தக் கரியை இல்லாத கரியாகவே திட்டக் கணக்கில் எழுத வேண்டும்.

இனி உங்கள் பொறுப்புக்கு நேராக வருகிறேன். முதலில் தண்ணீர். மீஞ்சூரில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், நெம்மேலியில் 10 கோடியும் 15 கோடியுமாக இரண்டு நிலையங்கள், பேரூரில் அமையும் 40 கோடி லிட்டர் நிலையம் ஆகிய அனைத்தும் முழுத்திறனில் ஓடினால் 75 கோடி லிட்டர் கடல்நீர் குடிநீராகும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் பிடிக்கும் தொழில்நுட்பம் இது. ஆக நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 லட்சம் யூனிட். அதை முழுவதும் கரியில் தயாரித்தால் 1,700 டன்னுக்குக் குறையாமல், அதாவது ஏறக்குறைய அரைச் சரக்கு ரயில் கரி, தினமும் தண்ணீருக்கே போகும். ஏரி வற்றும் கோடையில்தான் இந்த நிலையங்கள் நமக்கு அதிகம் தேவை. மின்தேவை உச்சத்துக்குப் போவதும் அதே கோடையில்தான். மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது 2024 மே 2-ஆம் தேதி. மின்வெட்டு வந்தால் விசிறிக்கொண்டாவது உட்கார்ந்திருக்கலாம், குடிநீருக்கு என்ன செய்வது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் புறநகர் ஏரிகளையும் காப்பது எரிபொருள் சேமிப்பும்தான் என்று நான் சொல்வது இதனால்தான். புவியீர்ப்பில் வரும் நீருக்குக் கரி வேண்டாம்.

அடுத்தது கட்டடங்கள். இன்று அனுமதி பெறும் அடுக்குமாடி 2046-க்குப் பிறகும் நின்றுகொண்டிருக்கும். மேற்கு வெயிலை முழுதாக வாங்கும் கண்ணாடிச் சுவர், சன்னலைத் திறந்தாலும் காற்று ஓடாத அறை, சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் ஓயாமல் ஓடும் மோட்டார், இவற்றோடு நிற்கும் ஒரு குடியிருப்பு தன் ஆயுள் முழுதுக்குமான எரிபொருள் தேவையை வரைபடத்திலேயே முடிவு செய்துவிடுகிறது. பழைய சென்னை வீட்டின் தாழ்வாரமும் சன்ஷேடும் செய்த வேலையை விதிமுறை வழியாகத் திரும்பக் கொண்டுவருவது கடினமில்லை. மழைநீர்ச் சேகரிப்பை 2003-இல் மாநிலம் முழுதும் கட்டாயமாக்கியபோது முணுமுணுத்தவர்கள், நிலத்தடி நீர் ஏறியதும் ஏற்றுக்கொள்ளத்தானே செய்தார்கள்?

மொட்டை மாடிச் சூரிய மின்சாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் தகடுகளை ஒருவர் இரண்டு மாடி வீட்டின் மேல் பொருத்துகிறார். மெட்ரோ வழித்தடம் என்று பக்கத்து மனைக்குக் கூடுதல் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, கிடைக்கிறது. பன்னிரண்டு மாடி எழும்புகிறது. காலையிலோ மாலையிலோ பாதி வெயில் போய்விடுகிறது. அவர் போட்ட முதலுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. உயரத்தையும் பக்க இடைவெளியையும் நிர்ணயிக்கும் நீங்கள், அண்டை மாடியின் மேல் விழும் நிழலையும் அனுமதிக்கு முன் கணக்கிடச் சொல்ல வேண்டும்.

எரிவாயுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குப் பதில் குழாய் வருவது வசதிதான். ஆனால் எண்ணூர் முனையத்தில் 2019 முதல் இறங்குவதும் கப்பலில் வரும் இறக்குமதி எரிவாயுவே.

பகல் வெயிலையும், மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலும் மேற்கிலும் வீசும் காற்றையும் சென்னையின் இரவுக்குக் கொண்டுவர மின்சேமிப்பு வேண்டும். ஆழியாறு மலையில் 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று நிலையம், மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலேற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுத்து, 1980-களின் இறுதியிலிருந்து இதைச் செய்கிறது. நகருக்குள் மலை இல்லை. ஆனால் 2017-இல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் மின்தொடர்களும் நிலமும் ஏற்கெனவே உள்ளன. அவற்றை மின்கலச் சேமிப்புக்கு ஒதுக்கி நிலப்பயன்பாட்டு வரைபடத்திலேயே குறித்துவையுங்கள். அரை நூற்றாண்டாகச் சாம்பலைச் சுமந்த வடசென்னைக்குப் புகையில்லாத ஒரு தொழில் வரட்டும்.

2012-இல் மாவட்டங்கள் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டில் தவித்தபோது சென்னைக்கு இரண்டு மணி நேரமே வெட்டு. தட்டுப்பாட்டை மற்றவர் தலையில் இறக்கி நகரைக் காப்பாற்றும் அந்த வழியை இருபதாண்டுத் திட்டத்தின் அடிப்படையாக வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

ஆகவே என் கோரிக்கை இது. 2031, 2036, 2041, 2046 ஆகிய ஆண்டுகளில் நகரின் மின்சாரம், சமையல் எரிவாயு, வாகன எரிபொருள் ஆகியவை எந்தச் சுரங்கத்திலிருந்து, எந்தத் துறைமுகம் வழியாக, என்ன விலையில் வரும் என்று நீங்கள் கருதுகிறீர்கள் என்பதையும், அதில் மூன்றில் ஒரு பங்கு வராமல் போனால் முதலில் எதை நிறுத்துவீர்கள் என்பதையும் தமிழில் அச்சிட்டு, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கு முன்பே வெளியிடுங்கள். குடிநீர், மருத்துவமனை, கழிவுநீரேற்றம் ஆகிய மூன்றுக்குமான மாற்று ஏற்பாடு அதில் மண்டலவாரியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை