இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கு இந்த அறிக்கை வழக்கம்போல வாட்ஸப்பில் வரும். அதையாவது திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நாடகத் தட்டுகளுக்கு ஒரு மாலையும், மார்கழியில் பழைய கச்சேரித் தட்டுகளுக்கு ஒரு மாலையும் ஒதுக்கினோம். பள்ளி மாணவர்களுக்குக் கிராமபோனைச் சாவி கொடுத்து ஓட்டிக் காட்டினோம். ஒரு பையன் புளூடூத் எங்கே என்று கேட்டான். மறைந்த மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி, பலர் என் எதிரிலும் அதைவிட அதிகமாக எனக்குப் பின்னாலும் பேசிய விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்துக்காக நான் வாங்கிய சிக் சாக்லெட் தட்டுகள்.

"நம்ம சங்கத்துக்கு பம்பாய் டிரம்பெட்காரர் எதற்கு?" என்பது கேள்வி. சங்க விதிகளில் தமிழ்ப் பாட்டு என்று எங்கும் எழுதவில்லை. 78 சுற்றுத் தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் என்றுதான் இருக்கிறது. விதிப் புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

அவர் இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். 1916இல் கோவாவின் அல்டோனா ஊரில் பிறந்தவர். பம்பாய் தாஜ் மஹால் ஓட்டலில் சொந்தக் குழுவோடு வாசித்தவர். அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஊதலை மட்டுமல்ல, அந்தக் கரகரத்த குரலையும் பிடித்துக்கொண்டவர். இந்தியாவின் ஆர்ம்ஸ்ட்ராங் என்றே பெயர். 1935இல் லியோன் ஆபி என்ற அமெரிக்கரின் ஜாஸ் குழு தாஜுக்கு வந்ததிலிருந்து, கறுப்பின அமெரிக்கக் கலைஞர்கள் பம்பாயில் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். கோவாக்காரர்களுக்கு மாதா கோயில் பள்ளியில் கற்ற நொட்டேஷன், அதாவது மேற்கத்திய இசையை எழுதிப் படிக்கும் முறை, கையில் இருந்தது. ஜாஸின் துள்ளல் நடையான ஸ்விங் மட்டும் ஏட்டில் வராது, பக்கத்தில் இருந்து கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். பிடித்தார்கள்.

அப்புறம் 1949இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. நடன விடுதிகள் மங்கின. வாத்தியக்காரர்களுக்குச் சோறு போட்டது சினிமா ஸ்டூடியோ. சிக் சாக்லெட், இசையமைப்பாளர் சி. ராம்சந்திராவுக்கு உதவியாளராக வேலை செய்தார். 1951இல் வந்த 'அல்பேலா' படத்தில் தன் குழுவோடு திரையிலேயே வந்து நிற்கிறார். யார் அந்த ராம்சந்திரா? 'ஜெயக்கொடி', 'வனமோகினி' என்று தமிழ்ப் படங்களில் இசையமைக்கத் தொடங்கியவர். 1958இல் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னுக்கு இசையமைத்தவர். வைஜயந்திமாலாவும் பத்மினியும் போட்டி போட்டு ஆடும் பாட்டை மாதக் கூட்டத்தில் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறவர்கள், அந்த மனிதருக்குப் பம்பாயில் துணை நின்ற டிரம்பெட்காரரைக் கேட்க மட்டும் முகம் சுளிப்பது எனக்குப் புரியவில்லை.

சேகரிப்பில் உள்ள சிரமத்தையும் பதிவு செய்ய வேண்டும். இவர் ஊதியதை இந்தியாவே கேட்டிருக்கிறது. ஆனால் சினிமாத் தட்டின் லேபிளில் பாடகர் பெயர், இசையமைப்பாளர் பெயர், படத்தின் பெயர், அவ்வளவுதான். ஊதியவர் பெயர் இருக்காது. 'இதில் சிக் ஊதியிருக்கிறார்' என்று வியாபாரி சத்தியம் செய்வார். அந்தச் சத்தியத்துக்குத் தனி விலை. அதனால் லேபிளில் அவர் பெயர் அச்சாகியிருந்தால் மட்டுமே வாங்குவது என்று முடிவு செய்தேன். 1951இல் வந்த 'நாதான்' படத்துக்கு அவரே இசையமைப்பாளர். தலத் மஹ்மூத் பாடிய தட்டு அதில் கிடைக்கும். கிடைக்காதது கொலம்பியா முத்திரையில் அவர் குழு வாசித்த நடன இசைத் தட்டுகள். ஓட்டலுக்கும் கிளப்புக்கும் போகிறவர்கள்தான் அவற்றை வாங்கினார்கள். அவர்களில் பலர் சுதந்திரத்துக்குப் பிறகு கப்பலேறினார்கள். மிச்சம் இருந்தவை அரக்குத் தட்டுகள். கீழே விழுந்தால் அப்பளம்தான்.

மும்பை சோர் பஜாரிலும் கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவிலும் தெரிந்தவர்கள் மூலம் விசாரித்து, இந்த ஆண்டு சில தட்டுகள் சேர்ந்துள்ளன. ஒன்றில் விளிம்பு உடைந்திருக்கிறது, முதல் சில சுற்றுகள் போயின. ஆனால் அதற்குப் பிறகு வரும் டிரம்பெட்டைக் கேட்டவர்கள் யாரும் விலையைப் பற்றிப் பேசவில்லை. பேசியவர்கள் கேட்காதவர்கள்.

ஸ்டைலஸ், அதாவது தட்டில் ஓடும் ஊசி வாங்கியது பற்றியும் முணுமுணுப்பு. பின்னாளில் வந்த எல்பி தட்டுக்கான ஊசி 78இன் பள்ளத்துக்குப் பொருந்தாது. அந்தப் பள்ளம் அகலம், ஊசி அடியில் போய் உராய்ந்து இரைச்சலை மட்டும் எடுக்கும். சுமார் மூன்று மில் முனை வேண்டும் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இது ஆடம்பரம் இல்லை. இதே ஊசியில்தான் உங்கள் கிட்டப்பா தட்டுகளையும் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். அப்போது யாரும் ரசீது கேட்கவில்லை. இன்னொன்று, தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டாம் என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். சங்கத் தட்டு ஒன்று இந்த ஆண்டு அப்படிப் பளபளவென்று ஊமையாகித் திரும்பி வந்தது. இரவல் வாங்கியவர் இன்று வரவில்லை. படுக்கப் போட்டு அடுக்காமல் நிறுத்தி வைக்கவும். அதையும் எத்தனை முறை சொல்வது?

வரவு செலவைப் பொருளாளர் தணிக்கை செய்து வைத்திருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்தபடி. 'இதர செலவுகள்' என்ற தலைப்பு சற்றுப் பெரிதாகத் தெரிவது கூரியர் கட்டணத்தால். கண்ணாடிச் சாமான் போலப் பொதிந்து அனுப்பச் சொன்னால் அதற்கு ஆகிற காசு ஆகத்தான் செய்யும்.

குறைவு எதனால் என்று எல்லோருக்கும் தெரியும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் உறுப்பினர்களில் பாதிக்கு மேல். சிலர் பாக்கி சென்ற நிர்வாகக் காலத்திலிருந்தே தொடர்கிறது. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. டிபனுக்கு மட்டும் சரியாக வந்துவிடுபவர்கள் யார் என்று டிபன் கொண்டுவருபவருக்கே தெரியும். செயற்குழுவில் குறைந்தபட்ச ஆள் சேராமல் கூட்டம் தள்ளிப்போனதும் உண்டு. பிறகு அதே செயற்குழு உறுப்பினர்கள், தங்களைக் கேட்காமல் தட்டு வாங்கிவிட்டேன் என்கிறார்கள். கொல்கத்தா வியாபாரி நம் கோரம் சேரும் வரை காத்திருப்பாரா?

கூடம் தந்த நூலக நிர்வாகத்துக்கும், தணிக்கையாளருக்கும், மைக் செட் அமைத்துத் தந்தவருக்கும், ஒத்துழைத்த, ஒத்துழைக்காத அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. சேர்ந்த தட்டுகளையெல்லாம் டிஜிட்டலில் ஏற்றி, லேபிளைப் படமெடுத்து, மையப்பகுதியில் பொறித்திருக்கும், எந்தப் பதிவு என்று காட்டும் மேட்ரிக்ஸ் எண்ணோடு பட்டியல் போட வேண்டும். செய்ய எனக்கு விருப்பம் இருக்கிறது. அதே சமயம் இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் அலமாரிச் சாவியை இப்போதே தரத் தயார். மேசை மேல் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன். சாவி என்னோடுதான் வீட்டுக்கு வந்தது.

கடைசியாக ஒன்று. கொல்கத்தாவில் இன்னொரு கொலம்பியா தட்டு இருக்கிறது, விளிம்பு முழுசு, லேபிளில் பெயர் தெளிவு. இந்த மாதக் கடைசி வரை யாருக்கும் தரமாட்டேன் என்று வியாபாரி சொல்லியிருக்கிறார். சங்கத்தால் முடியாவிட்டால் நானே வாங்கிக்கொள்வேன். அப்போது அது என் வீட்டு அலமாரியில் இருக்கும், கேட்க வேண்டுமானால் அங்கே வர வேண்டியிருக்கும். பொருளாளர் வாசல் பக்கம் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஜிபேயும் உண்டு. டிபன் அதற்கு அடுத்த மேசையில்.

இப்படிக்கு,
செயலாளர்